வாட் தொடருக்கு எந்த இலக்கணப் புத்தகம்?

ஆங்கில இலக்கணப் புத்தகம் வாங்க நினைப்பவர்கள் முன்னுரையையும் பொருளடக்கத்தையும் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ‘வாட்’ என்ற சொல் கேள்வி கேட்காமல் வரும் இடத்தை அந்தப் புத்தகம் எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் போதும். ‘வாட் த கமிட்டி ரெக்கமெண்ட்ஸ் இஸ் எ லாங்கர் டெட்லைன்’, அதாவது ‘குழு பரிந்துரைப்பது கூடுதல் அவகாசம்’. அறிக்கை, அலுவலகக் கடிதம், ஆய்வுக் கட்டுரை, தீர்ப்பு என்று எல்லா முறையான எழுத்திலும் இந்த வாக்கிய அமைப்பு வரும். இதில் ‘வாட்’ முதல் ‘ரெக்கமெண்ட்ஸ்’ வரை உள்ள பகுதி மொத்தமும் ஒரே பெயர்ச்சொல் போல எழுவாயாக நிற்கிறது. அதை இங்கே வாட் தொடர் என்று சுருக்கமாகச் சொல்கிறோம்.

இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஒருமை பன்மை, காற்புள்ளி, சொல் வரிசை, ப்ரெபொசிஷன், அழுத்தம் என்று ஆங்கிலத்தில் நமக்குத் தடுக்கும் ஐந்தாறு விஷயங்கள் ஒரே வாக்கியத்தில் கூடும் இடம் இது. மேலோட்டமான புத்தகம் இங்கே இரண்டு வரியில் நழுவிவிடும்.

புத்தகங்களுக்குள் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கேள்விக்குறி இல்லாத வாட் தொடர் இரண்டு வகை. ‘வாட் ஷி செட் வாஸ் ட்ரூ’ என்றால் ‘அவள் சொன்னது உண்மை’. ‘வி டூ நாட் நோ வாட் ஷி செட்’ என்றால் ‘அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம். தமிழிலோ முதலாவது ‘சொன்னது’ என்று முடிகிறது, இரண்டாவதில் ‘என்ன’ அப்படியே நிற்கிறது. எந்த வகை என்று சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். முதல் வகை ஒரு பொருளைச் சுட்டுகிறது. இரண்டாவது ஒரு கேள்வியை வாக்கியத்துக்குள் மடித்து வைத்திருக்கிறது. கீழே வரும் புத்தகங்களின் ஏற்றத்தாழ்வில் பாதி, இந்த வேறுபாட்டை அவை எவ்வளவு தெளிவாகச் சொல்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ பலரிடம் ஏற்கெனவே இருக்கும். 1985இல் முதலில் வந்தது, கேம்பிரிட்ஜ் வெளியீடு. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி என்ற அதன் அமைப்பை இன்றுவரை யாரும் விஞ்சவில்லை. வாட் தொடர் இதில் ரிலேட்டிவ் கிளாஸ், அதாவது ஒரு பெயரை விவரிக்கும் துணைவாக்கியம் பற்றிய பாடங்களுக்குள் சில வரிகளில் வருகிறது. ‘வாட்’ என்றால் ‘த திங் தட்’ என்று ஒரு சமன்பாடு தருகிறார். ‘எவ்ரிதிங்’, ‘ஆல்’ ஆகியவற்றுக்குப் பின் ‘வாட்’ வரக்கூடாது, ‘தட்’தான் வர வேண்டும் என்றும் சொல்கிறார். அதாவது ‘ஆல் வாட் ஹி செட்’ தவறு, ‘ஆல் தட் ஹி செட்’ சரி. காரணம் எளிது: ‘வாட்’டுக்குள்ளேயே ‘த திங்’ அடங்கியிருக்கிறது, அதற்கு முன்னால் இன்னொரு பெயர் நிற்க இடமில்லை. ‘த பாயிண்ட் வாட் ஐ மேட்’ தவறாவதும் இதனால்தான். இந்தப் பிழையை மட்டும் தீர்க்க வேண்டியவருக்கு மர்ஃபி போதும்.

ஆனால் மடித்து வைத்த கேள்வி இதே புத்தகத்தில் வேறொரு மூலையில், மறைமுகக் கேள்விகள் பாடத்தில் இருக்கிறது. ‘வி ஆஸ்க்ட் வாட் டிட் த க்ளையண்ட் வான்ட்’ என்று எழுதக்கூடாது, ‘வி ஆஸ்க்ட் வாட் த க்ளையண்ட் வான்டட்’ என்று எழுத வேண்டும் என்பதை அங்கே போய்த்தான் படிக்க வேண்டும். இரண்டு பாடங்களையும் இணைத்துப் பார்க்கும் வேலை வாசகருடையது. அழுத்தத்துக்காக வாக்கியத்தைப் பிரித்து ‘வாட் வி நீட் இஸ் டைம்’ என்று அமைக்கும் முறைக்குத் தனிப்பாடம் இல்லை. இடைநிலைப் புத்தகத்திடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அந்தக் குறையை அதே வரிசையின் மேல்நிலைப் புத்தகம் தீர்க்கிறது: மார்ட்டின் ஹியூயிங்ஸின் ‘அட்வான்ஸ்ட் கிராமர் இன் யூஸ்’, முதல் பதிப்பு 1999. அழுத்தம் தருவதற்கான ‘இட்’ தொடரையும் (‘இட் இஸ் டைம் தட் வி நீட்’ போன்றது) வாட் தொடரையும் ஒரே பாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். செயலுக்கு அழுத்தம் தர ‘டூ’ என்ற வினையை வாட் தொடருக்குள் கொண்டுவர வேண்டும் என்ற நுட்பம் இங்கே கிடைக்கும். ‘வாட் த கோர்ட் டிட் வாஸ் செட் அசைட் தி ஆர்டர்’ என்றும் எழுதலாம், ‘வாஸ்’ஸுக்குப் பின் ‘டு’ சேர்த்து ‘டு செட் அசைட்’ என்றும் எழுதலாம். முறையான எழுத்தில் ‘டு’வோடு எழுதினால் சற்று நிதானமாக ஒலிக்கும், அவ்வளவுதான். ஆனால் வாட் தொடரில் ‘ஆர் டூயிங்’ வந்தால் பின்னால் வரும் வினையும் ‘இங்’ ஏற்க வேண்டும்: ‘வாட் தே ஆர் டூயிங் இஸ் டிலேயிங் த ப்ராஜெக்ட்’. இங்கே ‘இஸ் டு டிலே’ என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் சறுக்கல்.

அதே பாடத்தில் இன்னொரு பயனுள்ள குறிப்பு. ‘வாட்’ வரும் இடத்தில் ‘ஹூ’ அப்படியே வந்து உட்காராது. ‘ஹூ சைன்ட் த லெட்டர் வாஸ் த மேனேஜர்’ என்று எழுதுவதில்லை, ‘த பர்சன் ஹூ சைன்ட்’ என்று பெயரை முன்னால் வைக்க வேண்டும். பயிற்சிகள் நல்ல தரம். குறை என்னவென்றால் பல உதாரணங்கள் உரையாடல் சார்ந்தவை. அலுவலக நடைக்கு அவற்றை நாமே மாற்றி எழுதிப் பழக வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே சந்தேகம் வந்து புரட்டுவதற்கு மைக்கேல் ஸ்வானின் ‘பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்’. ஆக்ஸ்ஃபோர்ட் 1980இல் வெளியிட்டது. பழைய பதிப்புகள் அகரவரிசையில் இருந்தன. 2016இல் வந்த நான்காம் பதிப்பில் இலக்கணப் பகுதி பொருள்வாரியாக மாற்றப்பட்டு, சொற்கள் பற்றிய சிக்கல்கள் மட்டும் அகரவரிசையில் நிற்கின்றன. வாட் தொடரின் ஒருமை பன்மைக்கு இதைவிடச் சுருக்கமான பதில் வேறெங்கும் இல்லை. வாட் தொடர் இயல்பாக ஒருமை, ஆகவே ‘இஸ்’, ‘வாஸ்’. பின்னால் பன்மைப் பெயர் வந்தால் பேச்சு நடையில் பன்மை வினையும் சில சமயம் வரலாம். ‘வாட் வி நீட் இஸ் மோர் கம்ப்யூட்டர்ஸ்’ என்று எழுதினால் யாரும் கை வைக்க முடியாது.

இங்கே நம்மவர்களைக் கெடுப்பது பள்ளியில் கற்ற ஒரு விதியின் அரைகுறை நினைவு. ‘கம்ப்யூட்டர்ஸ்’ பன்மை, ஆகவே ‘ஆர்’ என்று கை தானாகத் திருத்துகிறது. வினை எழுவாயோடுதான் பொருந்த வேண்டும், பின்னால் வருவதோடு அல்ல. எழுவாய் வாட் தொடர். சில கணினித் திருத்திகளும் பக்கத்தில் நிற்கும் பெயரைப் பார்த்து இதே குழப்பத்தைக் கிளப்பக்கூடும். அவை சிவப்புக்கோடு போட்டதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

இதையே ஒரு படி மேலே கொண்டுபோனவர் ஹென்றி ஃபௌலர். 1926இல் வந்த ‘எ டிக்‌ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்’ நூலில் ‘வாட்’ என்ற சொல்லுக்கே நீண்ட பதிவு உண்டு. அவர் பார்வையின் சாரம் இது: எழுதுபவர் ‘வாட்’டை ஒருமையாக எண்ணுகிறாரா பன்மையாகவா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், முடிவு செய்தபின் மாறக்கூடாது. வாட் தொடருக்குள்ளேயே ‘இஸ்’ வந்துவிட்டால் அது ஒருமை என்று எழுதியவரே அறிவித்துவிட்டார். ‘வாட் இஸ் நீடட் ஆர் நியூ ரூல்ஸ்’ என்று நடுவில் கட்சி மாறுவதுதான் குற்றம். ‘வாட் இஸ் நீடட் இஸ் நியூ ரூல்ஸ்’ ஒரு நேர்கோடு. ‘வாட் ஆர் நீடட் ஆர் நியூ ரூல்ஸ்’ என்பதும் முன்னுக்குப் பின் முரணில்லாதது. ஆனால் காதுக்கு இடறும் என்பதால் பலரும் தவிர்ப்பார்கள். ஸ்வானின் விதி வேகமானது, ஃபௌலரின் விதி காரணத்தோடு வருவது. ஃபௌலரின் கிண்டலும் கறார்த்தனமும் சிலருக்குப் பிடிக்கும், சிலரைச் சீண்டும். 1965, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு பதிப்பாசிரியர்கள் திருத்திய பதிப்புகள் வந்தன. இன்றைய வழக்கு தெரிய வேண்டுமானால் கடைசிப் பதிப்பு, அவருடைய சொந்தக் குரல் வேண்டுமானால் முதல் பதிப்பின் மறு அச்சு.

இனி பெரிய நூல்கள். 1985இல் லாங்மன் வெளியிட்ட க்வெர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரின் பேரிலக்கணம் இந்தத் தொடரை ‘நாமினல் ரிலேட்டிவ் கிளாஸ்’ என்று அழைக்கிறது. ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் புழங்கும் பெயர் இது. அந்தப் பாடம் படிப்பவருக்கு இந்த நூல் தேவைப்படும். மற்றவர்கள் அடுத்த நூலுக்குப் போகலாம்.

ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் மற்ற அறிஞர்களோடு சேர்ந்து எழுதிய ‘த கேம்பிரிட்ஜ் கிராமர் ஆஃப் தி இங்கிலீஷ் லாங்வேஜ்’, 2002. ஆயிரத்து எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் கனமான நூல். மடியில் வைத்துப் படிக்க முடியாது, மேசை வேண்டும். வாட் தொடரைப் பற்றிக் கேட்டால் இதில் கிடைப்பது போன்ற விளக்கம் வேறெதிலும் இல்லை. ஒரு சிரமமும் உண்டு. மடித்து வைத்த கேள்வி பதினொன்றாம் அத்தியாயத்தில், ரிலேட்டிவ் வகை பன்னிரண்டில், அழுத்தம் பற்றியது பதினாறில். மூன்று இடத்தில் விரல் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

‘அவள் சொன்னது’ வகைக்கு இவர்கள் வைத்த பெயர் ‘ஃப்யூஸ்ட் ரிலேட்டிவ்’. பெயரும் அதை விவரிக்கும் ரிலேட்டிவ் சொல்லும் ‘வாட்’ என்ற ஒரே சொல்லில் உருகிச் சேர்ந்துவிட்டன என்பது பொருள். இவர்கள் கணக்கில் இது துணைவாக்கியமே அல்ல, பெயர்த்தொடர். கேட்பதற்கு வெறும் பெயர்ச் சண்டை போலத் தோன்றலாம். ஆனால் நடைமுறைப் பலன் பெரிது. பெயர்த்தொடர் என்றால் பன்மையாகவும் இருக்க முடியும்: ‘வாட் புக்ஸ் ரிமெய்ன் ஆர் இன் த ஸ்டோர்ரூம்’, அதாவது ‘மிச்சமிருக்கும் புத்தகங்கள் கிடங்கில் உள்ளன’. மடித்து வைத்த கேள்வியோ எழுவாயாக வந்தால் எப்போதும் ஒருமை: ‘வாட் புக்ஸ் ரிமெய்ன் இஸ் நாட் நோன்’, அதாவது ‘என்னென்ன புத்தகங்கள் மிச்சம் என்பது தெரியவில்லை’. ஒரே சொற்கள், வினை மட்டும் வேறு. இந்த வேறுபாட்டை ‘த திங் தட்’ சமன்பாடு ஒருபோதும் விளக்காது.

இரண்டையும் பிரித்தறியும் சோதனைகளும் இந்த நூலில் உண்டு. ‘வாட் ஹி ரோட் இஸ் அன்க்ளியர்’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள்: அவர் எழுதியது தெளிவாக இல்லை, அல்லது அவர் என்னதான் எழுதினார் என்பது தெளிவாகத் தெரியவில்லை. முறையான கடிதத்தில் இது ஆபத்து. ஒருவர் எழுத்தைக் குறை சொல்வதும், அவர் எழுதியது என்னவென்று நமக்குத் தெரியவில்லை என்பதும் ஒன்றல்லவே. ‘இட்’டை முன்னால் போட்டு ‘இட் இஸ் அன்க்ளியர் வாட் ஹி ரோட்’ என்று திருப்பினால் இரண்டாவது பொருள் மட்டுமே மிஞ்சும், ஏனென்றால் கேள்வித் தொடரை இப்படிப் பின்னால் தள்ளலாம், பெயர்த்தொடரைத் தள்ள முடியாது. ‘வாட்’டுக்குப் பின் ‘எல்ஸ்’ சேர்த்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. சேர்ந்தால் அது கேள்வி வகை. முதல் பொருள்தான் வேண்டுமென்றால் ‘ஹிஸ் லெட்டர் இஸ் அன்க்ளியர்’ என்று நேராக எழுதிவிடுவது நல்லது.

முறையான நடைக்கு மிகவும் உதவும், ஆனால் நம்மில் பலர் தொடாத ஒரு அமைப்பும் இந்தப் பகுதியில் விளக்கப்படுகிறது. ‘வாட் லிட்டில் எவிடன்ஸ் தேர் இஸ் சப்போர்ட்ஸ் த க்ளெய்ம்’. ‘இருக்கிற கொஞ்சநஞ்சச் சான்றும் அந்தக் கோரிக்கைக்கு ஆதரவாகவே இருக்கிறது’ என்பது பொருள். எண்ண முடியாததற்கு ‘வாட் லிட்டில்’, எண்ணக்கூடியதற்கு ‘வாட் ஃபியூ’, அப்போது வினை பன்மை. குறைவுதான் என்று ஒப்புக்கொண்டு அந்தக் குறைவுக்குள்ளேயே வாதத்தை நிறுத்த இதைவிடச் சிக்கனமான வழி ஆங்கிலத்தில் இல்லை.

இந்த நூலில் வாங்கிய காசுக்கு வட்டியோடு திரும்பக் கிடைக்கும் இடம் பதினாறாம் அத்தியாயம். அழுத்தத்துக்கான வாட் தொடர், தான் சொல்லும் விஷயத்தை ஏற்கெனவே உண்மை என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. ‘வாட் த பேங்க் ரெஃப்யூஸ்ட் வாஸ் த செகண்ட் லோன்’ என்றால், வங்கி எதையோ மறுத்தது என்பது பேச்சுக்கே இடமில்லாத உண்மையாகிவிடுகிறது. புகாருக்குப் பதில் எழுதும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். ‘வாட் வி டிலேய்ட் வாஸ் ஒன்லி த செகண்ட் பேமெண்ட்’ என்று தற்காப்பாக எழுதும் நிறுவனம், தாமதம் நடந்தது என்பதைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதன் முன்னால் ‘இட் இஸ் நாட் ட்ரூ தட்’ என்று சேர்த்து மறுத்தாலும் தாமதம் என்ற முன்கருத்து அப்படியே நிற்கும். மறுக்க வேண்டியதை வாட் தொடருக்குள் வைக்காமல் சாதாரண வாக்கியமாக மறுப்பதுதான் வழி. மறுபக்கம், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து புதிய ஒன்றுக்கு நகர வேண்டுமானால் வாட் தொடரைப் போல வசதியானது இல்லை.

அந்தக் கனத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு அதே இருவர் மாணவர்களுக்காக எழுதிய சிறு நூல் ஒன்று 2005இல் வந்தது. 2022இல் அதன் இரண்டாம் பதிப்பில் பிரெட் ரெய்னால்ட்ஸும் சேர்ந்திருக்கிறார். ஃப்யூஸ்ட் ரிலேட்டிவ் கருத்தும் அதன் தர்க்கமும் அதில் உண்டு, சுருக்கமாக.

கடைசியாக டக்ளஸ் பைபரும் நால்வரும் எழுதி 1999இல் வந்த ‘லாங்மன் கிராமர் ஆஃப் ஸ்போக்கன் அண்ட் ரிட்டன் இங்கிலீஷ்’. நான்கு கோடிச் சொற்கள் கொண்ட தரவுத் தொகுப்பை வைத்து உரையாடல், புனைவு, செய்தி, கல்விசார் எழுத்து என்று நான்கு வகையாகப் பிரித்து எண்ணிப் பார்த்த நூல். விதி சொல்வதைவிட, எது எங்கே எவ்வளவு வருகிறது என்று காட்டுவதில்தான் அதன் பலம். ‘வாட்’ என்று தொடங்கினால் வாக்கியம் கம்பீரமாகிவிடும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். இந்த நூலின் எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது: அழுத்தத்துக்கான வாட் அமைப்பு உரையாடலில்தான் அதிகம். கல்விசார் எழுத்து அழுத்தம் தர ‘இட் இஸ்’ அமைப்பைத்தான் கூடுதலாக நாடுகிறது. ‘வாட் இஸ் இம்ப்பார்ட்டண்ட் டு நோட் இஸ் தட்’ என்று ஒவ்வொரு பத்தியையும் தொடங்கும் கட்டுரைகளுக்கு இது நேரடி மருந்து. அந்த ஏழு சொற்களையும் வெட்டிவிட்டு ‘தட்’டுக்குப் பின் வருவதை மட்டும் விட்டால் பெரும்பாலும் வாக்கியம் பிழைத்துக்கொள்ளும். இந்த நூல் 2021இல் ஜான் பெஞ்சமின்ஸ் பதிப்பகத்தின் வழியாகச் சற்றே மாறிய தலைப்பில் மறுபடி கிடைக்கிறது.

எந்தப் புத்தகத்தை வாங்கினாலும், முறையான வாட் வாக்கியத்தில் அடிக்கடி நடக்கும் சில தவறுகளைப் பல மூலைகளிலிருந்து பொறுக்கித்தான் சேர்க்க வேண்டியிருக்கும். முதலாவது காற்புள்ளி. ‘வாட் த ரிப்போர்ட் டஸ் நாட் சே, இஸ்’ என்று நிறுத்துகிறார்கள், வாசிக்கும்போது மூச்சு அங்கே நிற்பதால். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி கூடாது, எழுவாய் எத்தனை நீளமானாலும். இடைச்செருகல் இருந்தால் இருபுறமும் இரண்டு காற்புள்ளி, இல்லையேல் ஒன்றும் வேண்டாம். ‘வாட் இஸ் மோர்’ என்று வாக்கியத்துக்கு வெளியே நிற்கும் தொடர் வேறு சாதி. அது எழுவாய் அல்ல, அதற்குக் காற்புள்ளி வேண்டும்.

இரண்டாவது ப்ரெபொசிஷன். ‘வாட் வி ஆர் கன்சர்ன்ட் வித் இஸ் சேஃப்டி’ என்ற வாக்கியத்தில் ‘வித்’ அந்தரத்தில் தொங்குவதாக நினைத்து, மரியாதையாக இருக்கட்டும் என்று ‘வித் வாட் வி ஆர் கன்சர்ன்ட் இஸ்’ என்று மாற்றுகிறவர்கள் உண்டு. அது ஆங்கிலமே அல்ல. ‘வாட்’டுக்குள் பெயரும் உருகியிருப்பதால் ‘வித்’தை அதன் முன்னால் நகர்த்த முடியாது. தொங்குவது பிடிக்கவில்லையென்றால் ‘அவர் கன்சர்ன் இஸ் சேஃப்டி’ என்று முழுதாக மாற்றி எழுத வேண்டும். மடித்து வைத்த கேள்வியில் மட்டும் ‘டு வாட் எக்ஸ்டெண்ட்’ போல முன்னால் வரலாம்.

மூன்றாவது, முன்னால் சொன்ன முழுச் செய்தியையும் சுட்ட ‘வாட்’ போடுவது. ‘த டைரக்டர் ரிசைன்ட், வாட் சர்ப்ரைஸ்ட் எவ்ரிவன்’ தவறு. அங்கே ‘விச்’தான் வர வேண்டும்.

பரிந்துரை வாக்கியத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘வாட் த கமிட்டி ரெக்கமெண்ட்ஸ் இஸ் தட் த டெட்லைன் பி எக்ஸ்டெண்டட்’ என்பதில் ‘இஸ் எக்ஸ்டெண்டட்’ என்று எழுதத் தோன்றும். ‘ரெக்கமெண்ட்’, ‘டிமாண்ட்’, ‘ப்ரொபோஸ்’ போன்ற வினைகள் வாட் தொடருக்குள் போய்விட்டாலும் பின்னால் வரும் ‘தட்’ பகுதியில் வெறும் ‘பி’யைக் கேட்கும். பிரிட்டிஷ் நடையில் ‘ஷுட் பி’ என்றும் வரும். பேச்சில் உதிரும் ‘தட்’டை எழுத்தில் இங்கே விடாமல் இருப்பது நல்லது. இல்லையென்றால் ‘இஸ்’ஸுக்கு அடுத்துப் புது வாக்கியம் தொடங்குவது போல வாசகர் ஒருகணம் தடுக்குவார்.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்பவர், தினமும் கடிதமும் அறிக்கையும் எழுதுபவராக இருந்தால் ஸ்வான். பயிற்சி செய்து பழக வேண்டியவருக்கு ஹியூயிங்ஸ், விடைகள் பின்பக்கம் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் விடை இல்லாத பதிப்பும் கடைகளில் கலந்து கிடைக்கலாம். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களும் மற்றவர் எழுத்தைத் திருத்துபவர்களும் ஹடில்ஸ்டன், புல்லத்தின் சிறு நூலில் தொடங்கிவிட்டுப் பெரிய நூலை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.